டோஸ் என்பது ஒரு எண், அதைப் படியுங்கள்: எக்ஸ்ரே, சிடி டெக்னீஷியன்களுக்கான கதிர்வீச்சுப் பாதுகாப்பு வழிகாட்டி

பல வருடமாக எக்ஸ்ரே அறையில் இருக்கும் ஒருவரிடம், போன காலாண்டில் உங்கள் டிஎல்டி (நீங்கள் வாங்கிய கதிரை அளக்கும் பேட்ஜ்) ரிப்போர்ட்டில் எவ்வளவு வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கும்" என்றுதான் பதில் வரும். கடைசியாக எடுத்த வயிற்று சிடிக்கு டிஎல்பி, அதாவது அந்த ஸ்கேனின் மொத்த டோஸைக் காட்டும் எண், எவ்வளவு என்று கேட்டாலும் அதே கதைதான். ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் அந்த எண் திரையில் வந்து நிற்கிறது, நாம் அடுத்த பேஷண்டைக் கூப்பிடப் போய்விடுகிறோம்.

பிஎஸ்சி ரேடியாலஜியோ டிப்ளமோவோ முடித்து வேலைக்குச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பாடத்தில் எல்லாம் படித்திருப்பீர்கள். ஆனால் ஒரு நாளைக்கு நூறு பேர் வரிசையில் நிற்கும்போது படித்ததில் எதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வேறு விஷயம். என் கருத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: உங்கள் டோஸும் பேஷண்டின் டோஸும் எண்ணாக உங்கள் கண்முன் இருக்கின்றன, அவற்றைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் மற்ற எல்லாப் பழக்கமும் தானாக வரும்.

முதலில் அளவுகளோடு பழகுங்கள்

உறுப்பு எவ்வளவு ஆற்றலை உள்வாங்கியது என்பதை கிரே என்ற அலகில் சொல்கிறோம், அதனால் உடலுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை சீவர்ட்டில் சொல்கிறோம். நம் தினசரி வேலை மில்லிசீவர்ட்டில் நடக்கிறது. எந்த எக்ஸ்ரேயும் எடுக்காத மனிதருக்கே மண், காற்று, உணவு, விண்வெளி எல்லாம் சேர்த்து உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதால் அங்கே இயற்கையாகவே இதைவிட அதிகம்.

இதை அடிப்படையாக வைத்துக்கொண்டு நம் வேலையைப் பாருங்கள். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே சுமார் 0.02 மில்லிசீவர்ட். இடுப்பு முதுகெலும்புக்கு 1.5 அளவில் வரும். தலை சிடி சுமார் 2, வயிற்று சிடி 8 முதல் 10 வரை. அதாவது ஒரு வயிற்று சிடி என்பது நானூறு, ஐந்நூறு நெஞ்சு எக்ஸ்ரேக்களுக்குச் சமம். 'ரெண்டும் ஸ்கேன்தானே' என்று கேட்கும் அட்டெண்டருக்குப் புரிய வைப்பதற்கு முன்னால் இது நம் மனதில் பதிய வேண்டும்.

அப்புறம் வரம்புகள். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், நாம் ஏஇஆர்பி என்று சொல்வது, கதிர்வீச்சுப் பணியாளருக்கு வைத்திருக்கும் வரம்பு ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்தத் தனி ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கை, கால், தோலுக்கு 500. பொதுமக்களுக்கு 1. இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம், பேஷண்டுக்கு வரம்பு என்று எதுவும் கிடையாது. அவருக்குத் தேவையென்றால் எடுத்தே ஆக வேண்டும், அதனால்தான் 'இந்தப் படம் தேவையா, தேவையென்றால் எவ்வளவு குறைவாக எடுக்கலாம்' என்ற கேள்வி முழுக்க டாக்டர் மேலும் நம் மேலும் விழுகிறது.

20 வரைக்கும் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எக்ஸ்ரே, சிடி அறையில் ஒழுங்காக வேலை செய்யும் டெக்னீஷியனுக்கு ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் பெரும்பாலும் 1 மில்லிசீவர்ட்டைத் தொடாது. உங்களுக்கு 5 வந்தால் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று சும்மா இருக்கக் கூடாது, எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும்.

பேட்ஜ்: எங்கே, எப்படி, எப்போது

நம் நாட்டு டிஎல்டி பேட்ஜைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே காகித உறையில் ஒரு சின்ன உலோக அட்டை, அதில் மூன்று வெள்ளை வட்டுகள். கால்சியம் சல்பேட்டில் டிஸ்ப்ரோசியம் சேர்த்த பொருள் அது. மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையில் ஒரு வட்டுக்கு உலோகத் தடுப்பு, இன்னொன்றுக்கு பிளாஸ்டிக் தடுப்பு, மூன்றாவது திறந்த ஜன்னல். மூன்றும் வெவ்வேறாக வாங்கிய அளவை ஒப்பிட்டுத்தான் எந்த வகைக் கதிர், எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டாலோ, வேறொருவரின் உறையில் போட்டுவிட்டாலோ அந்தக் கணக்கே கெட்டுவிடும். காலாண்டுக்கு ஒருமுறை புது அட்டை வரும்போது பெயர், எண், காலம் மூன்றையும் பார்த்து, சரியான பக்கமாக நீங்களே போடுங்கள். ஆபீஸ் பையனிடம் விட்டுவிடாதீர்கள்.

அணிய வேண்டிய இடம் மார்பு. லெட் ஏப்ரன் போட்டால் பேட்ஜ் அதற்கு உள்ளே இருக்க வேண்டும். கேத் லேபில் (ஆஞ்சியோ செய்யும் அறையில்) வேலை செய்பவர்கள் கழுத்துப் பக்கம் ஏப்ரனுக்கு வெளியே இரண்டாவது ஒன்றும் கேட்டு வாங்குவது நல்லது, கண்ணுக்கு எவ்வளவு போகிறது என்பதைக் காட்டுவது அதுதான். ட்யூட்டி முடிந்ததும் கதிர் படாத இடத்தில், யாரும் அணியாத கன்ட்ரோல் பேட்ஜ் இருக்கும் அதே பலகையில் மாட்டிவிட்டுப் போங்கள். கன்ட்ரோல் பேட்ஜை எக்ஸ்ரே அறைக்குள் வைத்திருந்தால் எல்லோருடைய கணக்கும் தவறும், ஏனென்றால் அதன் அளவைக் கழித்துத்தான் உங்கள் டோஸ் வருகிறது.

உங்களுக்கே எக்ஸ்ரேயோ சிடியோ எடுக்க நேர்ந்தால் பேட்ஜைக் கழற்றி வைத்துவிடுங்கள். அது உங்கள் வேலை டோஸில் சேராது. ஏப்ரன் பாக்கெட்டில் வைத்துவிட்டு ஏப்ரனை அறைக்குள் தொங்கவிடுவது, சட்டையோடு துவைக்கப் போட்டுவிடுவது, லீவில் இருப்பவரின் பேட்ஜைப் போட்டுக்கொள்வது எல்லாம் அன்றாடம் நடப்பவைதான். நடந்துவிட்டால் மறைக்காமல் ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், மூன்று மாதம் கழித்துக் கேள்வி வரும்போது அந்தத் தாள்தான் உதவும். காலையில் ஒரு ஆஸ்பத்திரி, மாலையில் ஒரு ஸ்கேன் சென்டர் என்று இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் தனிப்பட்ட டிஎல்டி எண்ணை இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும். உடம்பு ஒன்றுதானே, டோஸும் ஒரே கணக்கில் சேர வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும்

காலாண்டு ரிப்போர்ட்டில் உங்கள் வரியை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன நோட்டில் காலாண்டு, டோஸ், அந்த மூன்று மாதமும் எங்கே ட்யூட்டி என்று எழுதி வாருங்கள். இரண்டு வருடத்தில் உங்களுக்கே ஒரு போக்கு தெரியும். ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் (ஆபரேஷனின்போது நேரலையாகப் படம் காட்டும் எக்ஸ்ரே மெஷின்) ட்யூட்டி போட்ட காலாண்டில் மட்டும் ஏறுகிறதா? போர்ட்டபிள் அதிகம் எடுத்தபோது ஏறுகிறதா? வேறொருவருக்கு 0.1 வரும் அதே வேலையில் உங்களுக்கு மட்டும் 0.8 வருகிறதா? கேள்வி கேட்க இது போதும்.

ஒரே காலாண்டில் 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டினால் விசாரணை வரும். பயப்பட வேண்டாம். பேட்ஜ் மட்டும் கதிரில் மாட்டிக்கொண்டதா, ஆள் உண்மையிலேயே வாங்கினாரா என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அது. உண்மையைச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே அறை

இங்கே உங்கள் பாதுகாப்பு கிட்டத்தட்ட முழுக்க கதவிலும் தடுப்பிலும் இருக்கிறது. கதவைச் சாத்துங்கள், தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள், ஈயக் கண்ணாடி வழியாகப் பேஷண்டைப் பாருங்கள். அவ்வளவுதான். எக்ஸ்போஷர் முடிந்த கணத்தில் அறையில் எதுவும் மிச்சம் இருக்காது. சுவரிலும் மெத்தையிலும் கதிர் ஒட்டிக்கொள்ளாது. உள்ளே போக ஆயா பயந்தால் இதை நிதானமாகச் சொல்லுங்கள்.

இங்கே கவனம் பேஷண்ட் மேல் இருக்க வேண்டும், முக்கியமாக கலிமேஷன் மேல், அதாவது கதிர் விழும் பரப்பைத் தேவையான அளவுக்குச் சுருக்குவதன் மேல். ஃபிலிம் காலத்தில் ஒளிப்பெட்டியில் வைத்தால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும், எவ்வளவு திறந்தீர்கள் என்று சீனியர் கண்டுபிடித்துவிடுவார். இப்போது டிஜிட்டலில் முழுக்கத் திறந்து எடுத்துவிட்டு அப்புறம் கணினியில் வெட்டிவிடுகிறார்கள். படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் கைக்குழந்தையின் நெஞ்சைப் படம் எடுக்கும்போது வயிறும் கழுத்தும் கதிரை வாங்கியது வாங்கியதுதான். வெட்ட வேண்டியதைக் கலிமேட்டரில் வெட்டுங்கள்.

டிஜிட்டலின் இன்னொரு ஆபத்து, அதிக டோஸ் கொடுத்தால் படம் கறுத்துப் போகாது, இன்னும் தெளிவாகத்தான் வரும். அதனால் ரிப்பீட் வந்துவிடுமோ என்ற பயத்தில் எம்ஏஎஸ் (கொடுக்கும் கதிரின் அளவு) கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இதைப் பிடிக்கத்தான் ஒவ்வொரு படத்தோடும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸும், பல மெஷின்களில் டிஐ என்ற விலகல் எண்ணும் வருகிறது. டிஐ பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. +3 என்றால் தேவையைப் போல இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறீர்கள், -3 என்றால் பாதிதான் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு வாரம் எல்லா நெஞ்சு எக்ஸ்ரேக்கும் இந்த எண்ணைக் குறித்துப் பாருங்கள், உங்கள் அறையின் சார்ட்டை மாற்ற வேண்டுமா என்று தெரிந்துவிடும்.

கோனாட் ஷீல்டு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பிறப்புறுப்பின் மேல் ஈயம் வைக்க வேண்டும் என்றுதான் நாம் படித்தோம். ஆனால் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-ல் இந்த வழக்கத்தை நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டது. இன்றைய மெஷின்களில் டோஸ் குறைவு, பெண்களுக்கு ஓவரி எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து சரியாகச் சொல்ல முடியாது, ஈயம், எக்ஸ்போஷரைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஏஇசி சென்சாரின் மேல் வந்துவிட்டால் மெஷின் டோஸை இன்னும் ஏற்றிவிடும். நம் ஊரில் உங்கள் ஆர்எஸ்ஓ (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்) சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள். ஆனால் ஈயத்தை வைத்துவிட்டோம் என்ற திருப்தியில் கலிமேஷனை விடுவது மட்டும் கூடவே கூடாது.

பிடித்துக்கொள்வது யார்? குழந்தை அழுகிறது, பாட்டி உட்கார மாட்டேன் என்கிறார். டெக்னீஷியன் பிடிக்கக் கூடாது, ஏனென்றால் அவர் தினமும் பிடிக்க நேரிடும். கூட வந்த பெரியவர் ஒருவரை, கர்ப்பிணி அல்லாதவரை, ஏப்ரன் போடச் சொல்லிப் பிடிக்க வையுங்கள், கை பீமுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க ஒருமுறை பழக்கிவிட்டு எடுத்தால் பாதி ரிப்பீட் வராது.

போர்ட்டபிள்

ஐசியுவில் போர்ட்டபிள் எடுக்கும்போது இரண்டு விதமான தவறும் ஒரே அறையில் நடக்கும். டெக்னீஷியன் ஏப்ரன் இல்லாமல் மெஷின் பக்கத்திலேயே நிற்பார், சிஸ்டர்கள் வென்டிலேட்டர் பேஷண்டுகளை விட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடுவார்கள். பேஷண்டிலிருந்து சிதறும் கதிர் ஒரு மீட்டர் தள்ளி, பேஷண்ட் மேல் விழுந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். இரண்டு மீட்டருக்குப் போனால் அதிலும் கால்வாசி. நெஞ்சுப் படம் ஒன்றுக்கு இரண்டு மீட்டரில் நிற்பவருக்குக் கிடைப்பது ஒரு மைக்ரோசீவர்ட்டில் சிறு பகுதி, ஆனால் இயற்கையிலிருந்தே நமக்கு ஒரு நாளைக்கு ஆறு மைக்ரோசீவர்ட்டுக்கு மேல் கிடைக்கிறது. எனவே சிஸ்டர் ஓட வேண்டாம், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றால் போதும். நீங்களோ ஒரே ராத்திரியில் இருபது முப்பது எடுப்பவர், வருடம் முழுக்க எடுப்பவர். ஏப்ரனைப் போட்டு, எக்ஸ்போஷர் வயரை முழு நீளத்துக்கு இழுத்து, பீம் போகும் திசைக்கு விலகி நின்று, "எக்ஸ்ரே!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு அழுத்துங்கள். பக்கத்துப் படுக்கை பேஷண்டை நோக்கி டியூபைத் திருப்பி வைக்காதீர்கள்.

சி-ஆர்மும் கேத் லேபும்

நமக்கு உண்மையான டோஸ் வருவது இங்கேதான், அதனால் இதை மெதுவாகப் படியுங்கள்.

டியூப் கீழே, டிடெக்டர் மேலே. கதிர் நுழையும் பக்கத்தில்தான் சிதறல் அதிகம், டியூப் மேலே இருந்தால் அது நேராக முகத்துக்கும் கண்ணுக்கும் வரும். டிடெக்டரைப் பேஷண்டின் உடம்புக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கொண்டு வாருங்கள். லேட்டரல் எடுக்கும்போது டியூப் இருக்கும் பக்கத்தில் நிற்காமல் டிடெக்டர் பக்கத்துக்கு வாருங்கள். இடுப்பு எலும்பு ஆபரேஷனில் இது ஒன்றே பெரிய மாற்றம் தரும்.

பல்ஸ் விகிதத்தைப் பாருங்கள். நொடிக்கு 15 பல்ஸில் ஓடுவதை 7.5-க்குக் குறைத்தால் டோஸ் கிட்டத்தட்டப் பாதியாகும், எலும்பு வேலைக்கு அது தாராளமாகப் போதும். மேக்னிஃபிகேஷன் போட்டால் டோஸ் ஏறும், தேவை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். கடைசிப் படம் திரையில் நிற்கும்போது அதைப் பார்த்துப் பேசலாம், பெடல் மேல் கால் இருக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிட அலாரம் அடிக்கும்போது சத்தத்தை நிறுத்துவதோடு விட்டுவிடாமல், "சார், ஃப்ளூரோ அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்று சொல்லுங்கள். முதல் இரண்டு தடவை சங்கடமாக இருக்கும். அப்புறம் சர்ஜனே "எவ்வளவு ஆச்சுப்பா" என்று கேட்க ஆரம்பிப்பார்.

ஏப்ரன் பற்றி ஒரு வார்த்தை. குறைந்தது 0.25 மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், ஃப்ளூரோ வேலைக்கு முன்பக்கம் 0.5 இருப்பது நல்லது. மடித்து ஸ்டூலில் வைத்தால் மடிப்பில் ஈயம் விரிசல் விடும், வெளித்துணி நன்றாகத்தான் இருக்கும், உள்ளே ஓட்டை. வருடத்துக்கு ஒருமுறையாவது எல்லா ஏப்ரனையும் மேஜையில் விரித்து ஃப்ளூரோவில் பாருங்கள். நல்ல இடம் கறுப்பாக இருக்கும்போது விரிசல் வெளிச்சக் கோடாகத் தெரியும், ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். தேதி எழுதிய ஸ்டிக்கர் ஒட்டுங்கள், கெட்டதைத் தனியாக எடுத்து வையுங்கள். முன்பக்கம் மட்டும் மூடும் ஏப்ரன் போட்டிருந்தால் மருந்து எடுக்கவோ மானிட்டர் பார்க்கவோ முதுகைப் பீம் பக்கம் காட்டித் திரும்பாதீர்கள். தைராய்டு காலரும் ஈயக் கண்ணாடியும் டாக்டருக்கு மட்டுமானவை இல்லை. கண் லென்ஸ் நாம் முன்பு நினைத்ததைவிட எளிதில் பாதிக்கப்படும் என்று தெரிந்த பிறகுதான், 2011-ல் சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமான ஐசிஆர்பி அதற்கான ஆண்டு வரம்பை 150-லிருந்து 20 மில்லிசீவர்ட்டாகக் குறைக்கச் சொன்னது. கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடித் தடுப்பு இருந்தால் அதை இழுத்து வையுங்கள், பல லேபில் அது சுவரோரம் சும்மா தொங்குகிறது.

நீண்ட ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்ததும் மெஷின் காட்டும் மொத்த ஏர் கெர்மாவை (பேஷண்ட் மேல் விழுந்த கதிரின் அளவை) ஃபைலில் எழுதுங்கள். 5 கிரேயைத் தாண்டினால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தோல் சிவப்பதும் புண்ணாவதும் பல வாரம் கழித்துத் தெரியலாம், அப்போது முதுகில் ஏன் புண் வந்தது என்று தோல் டாக்டருக்குப் புரிவதற்கு அந்த ஒரு வரி வேண்டும்.

சிடி

2009-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸின் சிடார்ஸ் சைனாய் மருத்துவமனையில் நடந்ததை ஒவ்வொரு சிடி டெக்னீஷியனும் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கவாதம் பார்க்க எடுக்கும் மூளை பெர்ஃப்யூஷன் (ரத்த ஓட்ட) ஸ்கேனின் புரோட்டோகால், அதாவது மெஷினில் சேமித்து வைத்த ஸ்கேன் அமைப்பு, தவறாக அமைந்துவிட்டது. தலைக்கு அதிகபட்சம் 0.5 கிரே போக வேண்டிய இடத்தில் 3 முதல் 4 கிரே போனது, அதாவது சுமார் எட்டு மடங்கு. 18 மாதமாக, 206 பேருக்கு. ஒரு பேஷண்டுக்கு முடி கொட்டிய பிறகுதான் வெளியே வந்தது. அத்தனை நாளும் டோஸ் எண் கன்சோலில் வந்துகொண்டேதான் இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான், புரோட்டோகால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியவர்கள்.

ஆகவே ஸ்கேன் பட்டனை அழுத்துவதற்கு முன் ஸ்கவுட் (முன்னோட்டப் படம்) எடுத்ததும் திரையில் வரும் சிடிடிஐ, டிஎல்பி இரண்டையும் பாருங்கள். சிடிடிஐ என்பது ஒரு துண்டுக்கு எவ்வளவு, டிஎல்பி என்பது எடுத்த நீளத்தையும் பெருக்கி வருவது. டிஎல்பியை வைத்து மில்லிசீவர்ட்டைத் தோராயமாகக் கணக்கிடலாம்: பெரியவர்களுக்குத் தலை என்றால் 0.0021-ஆலும், நெஞ்சு என்றால் 0.014-ஆலும், வயிறு என்றால் 0.015-ஆலும் பெருக்குங்கள். தலைக்கு டிஎல்பி 1000 என்றால் சுமார் 2 மில்லிசீவர்ட், வயிற்றுக்கு 600 என்றால் 9. உங்கள் மெஷினில் வழக்கமாக வரும் எண்களை ஒரு தாளில் எழுதிக் கன்சோல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள், ஒரு நாள் இரண்டு மடங்கு வந்தால் கண்ணில் உறுத்த வேண்டும்.

டோஸ் வீணாகும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பேஷண்டைக் கேன்ட்ரியின் (சிடி மெஷினின் வளையத்தின்) நடுவில் வைக்காமல் கீழேயோ மேலேயோ விட்டால் மெஷின் அவர் பருமனைத் தவறாகக் கணக்கிட்டு எம்ஏவை (டியூப் கரண்ட்டை) மாற்றும். வயிறு எடுக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்க வைக்காவிட்டால் அதே கதை. சிறுநீரகக் கல்லுக்கு எடுக்கும் கேயுபி ஸ்கேனைப் பாதி நெஞ்சிலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை எடுத்தால் போதுமான இடத்தில் பிளெயின், ஆர்டீரியல், வீனஸ், டிலேய்டு என்று நான்கும் எடுத்தால் டோஸும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. எத்தனை ஃபேஸ் வேண்டும் என்று ரேடியாலஜிஸ்ட்டிடம் கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குழந்தைக்குப் பெரியவர்களுடைய புரோட்டோகால் போடவே கூடாது. எடைக்கேற்ற குழந்தை புரோட்டோகால் மெஷினில் இல்லையென்றால் கம்பெனியின் அப்ளிகேஷன் ஆளை வரவழைத்துப் போட்டு வாங்குங்கள். கீழே விழுந்த குழந்தைக்கு உடனே தலை சிடி எழுதி வந்தால், உண்மையில் வேண்டுமா என்று ஒரு போன் போட்டுக் கேட்பதில் தவறில்லை.

கர்ப்பம்

பெண் பேஷண்டிடம் தனியாக, மெதுவாகக் கேளுங்கள்: "நாள் தள்ளிப் போயிருக்காம்மா?" மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் பேசிவிட்டு எடுங்கள். தெரியாமல் எடுத்துவிட்டாலும் பதற வேண்டாம். நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேயைவிடக் குறைவு. கருவுக்கு 100 மில்லிகிரேக்குக் கீழே போயிருந்தால் கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்கக் கூடாது என்பதுதான் ஐசிஆர்பியின் நிலைப்பாடு, நம் பரிசோதனைகளில் பெரும்பாலானவை அதற்கு வெகு கீழே. பயத்தில் எடுக்கும் முடிவால் ஒரு குடும்பம் ஒரு குழந்தையை இழக்கக் கூடாது, இந்தத் தகவல் சரியான டாக்டருக்குப் போய்ச் சேருவதை நீங்கள் உறுதி செய்யுங்கள்.

நீங்களே கர்ப்பமாக இருந்தால் தெரிந்த உடனே எழுத்தில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு குழந்தை பிறக்கும்வரை கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. வேலையை விட வேண்டியதில்லை. கேத் லேப், சி-ஆர்ம் ட்யூட்டியிலிருந்து எக்ஸ்ரே கன்சோலுக்கோ எம்ஆர்ஐக்கோ மாற்றிக்கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.

நியூக்ளியர் மெடிசினில் இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே மருந்து ஏற்றிய பேஷண்டே கதிர் மூலம். பெட் (PET) ஸ்கேனில் வரும் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிரை நம் லெட் ஏப்ரன் நிறுத்தாது. ஊசிக்கு ஷீல்டு, விரலுக்கு மோதிர பேட்ஜ், பேஷண்டிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் ஊசி போடும் முன்பே சொல்லி முடிப்பது, அப்புறம் தூரம், இவைதான் அங்கே காப்பாற்றும்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை

மெஷின் ஏஇஆர்பியின் இ-லோரா தளத்தில் பதிவாகி, லைசன்ஸ் நடப்பில் இருக்கிறதா? அறை அனுமதி பெற்ற வரைபடப்படிதான் இருக்கிறதா, அல்லது நடுவில் சுவரை இடித்துக் கதவு வைத்திருக்கிறார்களா? இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய தரப் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே? ஆர்எஸ்ஓ யார், அவர் இங்கே வருகிறாரா, பேப்பரில் மட்டும் இருக்கிறாரா? எல்லோருக்கும் பேட்ஜ் இருக்கிறதா, போன மாதம் சேர்ந்த ட்ரெயினிக்கும் சேர்த்து?

சின்ன சென்டரில் இதையெல்லாம் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் உண்மையானது, அதை நான் லேசாகச் சொல்லவில்லை. அதனால் குறை சொல்வதுபோல ஆரம்பிக்காமல், "சார், இன்ஸ்பெக்ஷன் வந்தா இதைக் கேப்பாங்க, தயாரா வச்சுக்கலாமா" என்று ஆரம்பியுங்கள். பெரும்பாலான உரிமையாளர்கள் அதற்கு இறங்கி வருவார்கள். இறங்கி வராத இடத்தில், பேட்ஜே தராமல் வேலை வாங்கும் இடத்தில், ஏஇஆர்பிக்கு எழுதலாம், அதன் தென்மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. எழுதும்போது மெஷினின் பெயர், அறை, நீங்கள் பார்த்தது, தேதி, இவ்வளவும் இருந்தால் போதும். உங்கள் டோஸ் நோட்டின் நகல் ஒன்றையும் இணையுங்கள்.